சேர்ந்து பாடியவர்கள்: அமெரிக்கக் கல்லூரிகளின் பாட்டுக் கதை

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், பேங்க்ல 34 வருஷம் இருந்தீங்க. சீனியர் சிட்டிசன் டெபாசிட் பத்திப் பேசுங்களேன்" என்றார். வட்டி விகிதத்தைப் பற்றித்தான் தினமும் வாக்கிங்கில் பேசுகிறோமே, இன்றைக்கு வேறு ஏதாவது பேசுகிறேன் என்றேன். "வேற எதைப் பத்தி சார்?" என்றார். "பாட்டு" என்றேன். அவர் முகத்தில் லேசாகக் கலவரம் தெரிந்தது. நீங்களும் பயப்பட வேண்டாம். நான் பாடப்போவதில்லை. பேசத்தான் போகிறேன்.

ஏன் பாட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரி 26 காலையில் நாம் எல்லோரும் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றோம். ப்ளூடூத் ஸ்பீக்கரில் தேசிய கீதம் ஓடியது. நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன், எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றோம். வாய் திறந்து பாடியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மூன்றாவது ஆள் கேட்டில் நின்றுகொண்டிருந்த நம் செக்யூரிட்டி. பாட்டு பாதி போகும்போது ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. நாமாவது எடுத்துப் பாடியிருக்கலாம். பாடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரோ "ஜெய்ஹிந்த்" சொன்னார். லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

நானும் பாடவில்லை. என் கதை உங்களுக்குத் தெரியாது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு இறைவணக்கக் குழுவில் ஆசையோடு பெயர் கொடுத்தேன். ஒத்திகையில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் என் பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்றார். நான் வாயை மட்டும் அசைத்தேன். அதற்கப்புறம் 45 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயில் பஜனையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்குத் தாலாட்டுப் பாடியதெல்லாம் என் மனைவிதான்.

அந்த மகள் இப்போது அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ஆறு மாதம் இருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாள். அங்கே பெரிய பெரிய கல் வளைவுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வளைவுக்குக் கீழே பதினைந்து மாணவர்கள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். கையில் எந்த வாத்தியமும் இல்லை, மைக்கும் இல்லை. ஒரு பெண் பாக்கெட்டிலிருந்து உருண்டையாக ஒரு சின்னக் குழலை எடுத்து ஒரு ஸ்வரம் ஊதினாள். அவ்வளவுதான் சுருதிப்பெட்டி. பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் கிட்டார் மாதிரி, தபேலா மாதிரி வாயாலேயே சத்தம் கொடுத்தார்கள். வளைவுக்குள் சத்தம் மோதித் திரும்பி வந்தது. போகிற வருகிறவர்கள் நின்று கேட்டார்கள். இரண்டு மூன்று பாட்டு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போய்விட்டார்கள். இதை அங்கே 'ஆர்ச் சிங்' என்கிறார்கள்.

"என்னங்க, இவங்க எல்லாம் பாட்டுப் படிக்கிறவங்களா?" என்று என் மனைவி கேட்டாள். மகள் விசாரித்துச் சொன்னாள். ஒருவன் இன்ஜினியரிங். ஒருத்தி பொருளாதாரம். பெரும்பாலானவர்கள் வேறு ஏதோ படிக்கிறவர்கள். அன்றைக்கு ஆரம்பித்துப் படித்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

தேவாலயத்தில் ஆரம்பம்

அமெரிக்காவின் முதல் கல்லூரி ஹார்வர்டு. ஆரம்பித்த வருஷம் 1636. இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள், தங்களுக்குப் போதகர்கள் வேண்டும் என்று ஆரம்பித்தது. அவர்கள் வழிபாட்டில் வாத்தியத்துக்கு இடமில்லை. ஆனால் பாட்டு உண்டு. பைபிளில் இருக்கும் சங்கீதங்களை எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். தேவாலயத்தில் தனியாகப் பாடகர் என்று யாரும் இல்லை. குரல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கு ஏற்ற இடம்.

ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் என்ற ஊரிலேயே 1640-ல் அந்தச் சங்கீதங்களைப் பாட்டாக்கிப் புத்தகம் போட்டார்கள். அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 'பே சாம் புக்' என்று பெயர். ஒரு நாட்டில் அச்சான முதல் புத்தகம் பாட்டுப் புத்தகம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதில் இன்று 11 பிரதிகள்தான் மிச்சம். 2013-ல் ஒரு பிரதி ஏலத்துக்கு வந்தது. சுமார் 1 கோடியே 42 லட்சம் டாலருக்குப் போனது.

அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பில் ஸ்வரக் குறிப்பு கிடையாது. ஒருவர் முதலில் ஒரு வரி சொல்வார், சபை முழுக்க அதைத் திருப்பிப் பாடும். நம் பஜனை மாதிரிதான். நாள் ஆக ஆக ஆளுக்கு ஒரு மெட்டாகப் போய்விட்டது. 1720-களில் இதைச் சரிசெய்ய வேண்டும், ஸ்வரம் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஹார்வர்டில் படித்த போதகர்கள் சிலர் கிளம்பினார்கள். பழைய முறைக்காரர்கள் எதிர்த்தார்கள். நம் சங்கத்தின் பொதுக்குழு மாதிரி பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஊர் ஊராகப் பாட்டுப் பள்ளிகள் வந்தன. சாயங்கால வேளையில் நடக்கும். இளைஞர்களும் இளம் பெண்களும் வருவார்கள். கூட்டம் குறைவே இல்லை. பாட்டுக்காக மட்டும் வந்தார்களா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

க்ளீ கிளப்பும் கல்லூரிப் பாட்டும்

அங்கிருந்து நூறு வருஷத்துக்கு மேல் தாண்டி வருவோம். 1858-ல் ஹார்வர்டில் 'க்ளீ கிளப்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். க்ளீ என்பது இங்கிலாந்தில் ஆண்கள் மூன்று நான்கு குரலில் சேர்ந்து பாடும் சின்னப் பாட்டு. அடுத்த வருஷம் மிச்சிகன், 1861-ல் யேல், 1862-ல் பென்சில்வேனியா என்று ஒன்றைப் பார்த்து ஒன்று ஆரம்பித்தன.

அந்தக் காலக் கல்லூரி சின்னது. மாணவர்கள் நான்கு வருஷமும் ஒரே செட்டாகப் படிப்பார்கள். சினிமா கிடையாது, ரேடியோ கிடையாது. சாயங்காலம் யேலில் ஒரு மரவேலி மேல் ஏறி உட்கார்ந்து பாடுவார்கள். பிரின்ஸ்டனில் கடைசி வருஷ மாணவர்கள் பழைய கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். பெண்கள் கல்லூரிகளும் இதற்குக் குறைந்தவை இல்லை. வெல்லஸ்லி, பிரின் மார் போன்ற இடங்களில் ஒவ்வொரு வருஷத்து மாணவிகளும் படிக்கட்டில் கூடி ஒருவருக்கொருவர் பதில் சொல்வது போல் பாடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சொந்தப் பாட்டும் வந்தது. அதற்கு 'ஆல்மா மேட்டர்' என்று பெயர். லத்தீனில் பாலூட்டி வளர்த்த தாய் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டு கடன் வாங்கியது. நம் ஊரில் சினிமா மெட்டில் பக்திப்பாட்டுப் பாடுவார்களே, அந்தக் கதை. ஹார்வர்டின் பாட்டு, கல்லூரிக்கு 200 வயதானபோது 1836-ல் எழுதியது. மெட்டு அயர்லாந்திலிருந்து வந்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பாட்டின் மெட்டு, நோயில் இறந்துபோகும் ஒரு பெண்ணைப் பற்றிய சோகப்பாட்டினுடையது. அதே மெட்டை அதற்கப்புறம் எத்தனையோ கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. யேலின் 1881-ம் வருஷத்துப் பாட்டுக்கு மெட்டு ஒரு ஜெர்மன் தேசபக்திப் பாட்டு. 'காசாபிளாங்கா' படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மதுக்கடையில் ஜெர்மன் அதிகாரிகள் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்த மெட்டுதான்.

பிறகு கால்பந்து வந்தது. அவர்கள் கால்பந்து என்றால் பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதற்கு உற்சாகப் பாட்டு வேண்டும். 1898-ல் மிச்சிகன் அணி சிகாகோவை 12-க்கு 11 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. அந்தச் சந்தோஷத்தில் லூயிஸ் எல்பெல் என்ற மாணவர் போட்ட பாட்டு இன்றும் லட்சம் பேர் கொள்ளும் மைதானத்தில் ஒலிக்கிறது. பிற்காலத்தில் பெரிய இசையமைப்பாளராக ஆன கோல் போர்ட்டர், யேலில் படிக்கும்போது கால்பந்துப் பாட்டு எழுதிக் கைதட்டல் வாங்கியவர்.

இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் ஃபிரெட் வேரிங் என்று ஒரு மாணவர். க்ளீ கிளப்பில் சேர முயன்றார். எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மாதிரி அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. சொந்தமாகக் குழு சேர்த்தார். ரேடியோ காலத்தில் அமெரிக்கா முழுவதும் தெரிந்த பாட்டுக் குழுத் தலைவர் ஆனார். இன்னொரு வேலையும் செய்தார். ஒருவர் கண்டுபிடித்த அரைக்கும் இயந்திரத்துக்குப் பணம் போட்டு, 1937-ல் கடைக்குக் கொண்டுவந்தார். நம் வீட்டு மிக்ஸிக்கு அந்த வேரிங் பிளெண்டர் தூரத்துச் சொந்தம். நாளைக் காலையில் சட்னி அரைக்கும்போது, க்ளீ கிளப்பில் இடம் கிடைக்காத அந்த மாணவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொருளாளரும் ஒன்பது மாணவர்களும்

இதுவரை சொன்னது வசதியான வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷத்துக்குப் பாடிய கதை. இனி சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை. கணக்குப் பார்த்தே வாழ்ந்த எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்கள் படிப்பதற்காக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் 1866-ல் ஃபிஸ்க் என்று ஒரு கல்விக்கூடம் ஆரம்பித்தார்கள். கட்டடம் என்றால், ராணுவம் ஆஸ்பத்திரியாக வைத்திருந்துவிட்டுக் காலி செய்த பழைய மரக் கொட்டகைகள். ஐந்து வருஷத்தில் கொட்டகை இற்றுப்போனது. கடன் கழுத்தை நெரித்தது. மூடிவிடலாம் என்ற நிலைமை.

அங்கே பொருளாளராக இருந்தவர் ஜார்ஜ் வொயிட். பொருளாளர் வேலையோடு பாட்டும் சொல்லிக்கொடுத்தார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. பாடுகிற பிள்ளைகள் இருந்தார்கள். 1871 அக்டோபர் 6-ம் தேதி ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கச்சேரி செய்து பணம் திரட்டக் கிளம்பினார். ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். வழிச்செலவுக்குக் கல்லூரிக் கஜானாவில் இருந்த பணம் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அவர் கீழே வேலை பார்த்திருந்தால் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அந்த மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டு என்ற பெண்ணை அவள் அப்பா பணம் கொடுத்து மீட்டிருந்தார். போன ஊர்களில் ஹோட்டல்காரர்கள் இடம் தர மறுத்தார்கள். ஆரம்பத்தில் கூட்டமும் வரவில்லை. கிளம்பின சில நாளில் சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்தது. கையில் கிடைத்த முதல் வசூல் 50 டாலர்கூட இருக்காது. அதை அப்படியே சிகாகோ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தன் கல்லூரி மூழ்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் கொடுத்தார்கள்.

முதலில் அவர்கள் பாடியது வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமான பாட்டுகள். தங்கள் அப்பா அம்மா அடிமையாக இருந்த காலத்தில், வயல்வெளியிலும் ராத்திரி ரகசியமாகவும் பாடிய பக்திப்பாட்டுகளை அவர்கள் மேடையில் பாட விரும்பவில்லை. அவை அவர்களுக்குப் புனிதமானவை, பட்ட அவமானத்தோடு சேர்ந்தவை. காசு கொடுத்து வந்தவர் முன்னால் எப்படிப் பாடுவது? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மனது வந்தது. நவம்பரில் ஓபர்லின் என்ற ஊரில் போதகர்கள் கூடியிருந்த ஒரு மாநாட்டில் அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள். அதற்கப்புறம் நிலைமை மாறியது. பைபிளில் அடிமைகளை விடுவிக்கும் வருஷத்துக்கு 'ஜூபிலி' என்று பெயர். வொயிட் குழுவுக்கு அதையே வைத்தார்: ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ்.

1872-ல் ஜனாதிபதி கிராண்ட் முன்னால் பாடினார்கள். 1873-ல் இங்கிலாந்து போய் விக்டோரியா ராணி முன்னால் பாடினார்கள். வந்த பணத்தில் கடன் அடைந்தது, நிலம் வாங்கினார்கள், ஆறு மாடி உயரத்துக்கு 'ஜூபிலி ஹால்' என்று கட்டடம் எழுப்பினார்கள். 1876 ஜனவரி 1-ம் தேதி திறந்தார்கள். இன்றும் நிற்கிறது. பாடிப் பாடி வந்த காசில் கட்டினது. பின்னால் அந்தப் பெயரோடு ஃபிரெடரிக் லவுடின் நடத்திய குழு 1884 முதல் 1890 வரை உலகம் சுற்றியது. நம் இந்தியாவுக்கும் வந்தது. 2021-ல் இன்றைய மாணவர்களின் குழுவுக்கு கிராமி விருது கிடைத்தது. அக்டோபர் 6-ம் தேதியை ஃபிஸ்க்கில் இன்றும் ஜூபிலி நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

இதோடு சேர்த்து இன்னொருவர் கதையையும் சொன்னால்தான் கணக்கு டேலி ஆகும். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்ற பெரிய அறிஞர். 1888-ல் ஃபிஸ்க்கில் பட்டம் வாங்கினார். அங்கே சேர்ந்திசைக் குழுவில் பாடினவர். அடுத்து ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். க்ளீ கிளப்பில் சேரப் போனார். குரல் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. தன் குரல் சராசரிக்கு மேல்தான், தோல் நிறம்தான் காரணம் என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1903-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அந்த அடிமைக்காலப் பாட்டுகளின் ஸ்வரங்களைப் போட்டார். கடைசி அத்தியாயம் முழுக்க அந்தப் பாட்டுகளைப் பற்றியே எழுதினார்.

என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர் என் குரலைக் கேட்டுவிட்டுச் சொன்னார். நியாயமோ இல்லையோ, குரல்தான் காரணம். டுபாய்ஸுக்கு அதுகூட இல்லை. இதைப் படித்த பிறகு என் பழைய வருத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது.

வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

சேர்ந்து பாடுவது என்றால் கைகோத்து ஒரு வட்டம் போடுவது. வட்டம் என்றாலே உள்ளே சிலர், வெளியே சிலர். அமெரிக்கக் கல்லூரிகளின் பாட்டு வரலாற்றில் பிற்பாதி முழுக்க, வெளியே நின்றவர்கள் உள்ளே வந்த கதைதான்.

யேலில் 1909-ல் 'விஃபன்பூஃப்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தது. வாத்தியம் இல்லாமல் பாடும் கல்லூரிக் குழுக்களில் மிகப் பழையது. வருஷத்துக்கு 14 பேரைத்தான் எடுப்பார்கள். 1969-ல் யேல் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இந்தக் குழுவில் முதல் பெண் இடம் பிடித்தது 2018-ல். இடையில் 49 வருஷம். ஸ்மித் பெண்கள் கல்லூரியிலோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1936-லேயே 'ஸ்மிஃபன்பூஃப்ஸ்' என்று வேண்டுமென்றே பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துத் தங்கள் குழுவை ஆரம்பித்துவிட்டார்கள்.

பாட்டின் வார்த்தைகளும் மாறின. பிரின்ஸ்டன் பாட்டில் ஆண் பிள்ளைகளை மட்டும் சொன்ன இடத்தை 1987-ல் மாற்றினார்கள். ஹார்வர்டு பாட்டில் அதே போன்ற மாற்றம் 1998-ல் வந்தது. பியூரிட்டன் பரம்பரை என்று வரும் கடைசி வரியையும் 2018-ல் மாற்றினார்கள், பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும்போது ஒரு பரம்பரையை மட்டும் சொல்வது எப்படி என்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாட்டு இன்னும் தீராத வழக்கு. 1903-ல் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடையில் முதலில் பாடியது அது. 2020-ல் மாணவ விளையாட்டு வீரர்கள் அதைப் பாட மாட்டோம் என்றார்கள். பாட்டு வேண்டும் என்றும் பலர் நின்றார்கள். பல்கலைக்கழகம் பாட்டை வைத்துக்கொண்டது. ஒரே பாட்டு ஒருவருக்குத் தாய்வீடு, இன்னொருவருக்கு முள்.

நம்மவர்களும் உள்ளே போனார்கள். 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் 'பென் மசாலா' என்று குழு ஆரம்பித்தார்கள். இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் கலந்து வாயாலேயே பாடுவார்கள். 2023 ஜூனில் நம் பிரதமர் போனபோது வெள்ளை மாளிகையில் பாடினார்கள்.

அங்கிருந்து இங்கே வந்தவரும் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. க்ளீ கிளப்புக்குப் பெயர் போனது, நியூ இங்கிலாந்தின் பாடும் கல்லூரி என்றே அதைச் சொல்வார்கள். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் என்ற மாணவருக்குக் கர்நாடக இசை மேல் ஆசை வந்தது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்து, பாலசரஸ்வதியின் தம்பி டி. விஸ்வநாதனிடம் கற்றுக்கொண்டார். திருவையாறு ஆராதனையில் பாடினார். நம் ஜனங்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்துவிடாது. 1984-ல், 45 வயதில், சாலையில் நடந்துகொண்டிருந்தபோது குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் மோதி இறந்துபோனார். அவர் பாடின ரெக்கார்டு எங்கள் வீட்டில் இருந்தது. என் மாமனார் கேட்டுக் கண் கலங்குவார்.

நாம் என்ன செய்யலாம்

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்தக் கதையில் பெரும்பாலானவர்கள் பாட்டைத் தொழிலாகப் பார்த்தவர்கள் இல்லை. மருத்துவம், கணக்கு, இன்ஜினியரிங் படித்தவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து, முன்பின் தெரியாதவர்களோடு நான்கு வருஷம் ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டியவர்கள். பாட்டு அவர்களைப் பழக வைத்தது. நம்மைப் பாருங்கள். 96 வீடு. ஒரே கூரை. நான்கு வருஷம் இல்லை, ஆயுசு முழுக்க இருக்கப்போகிறோம். லிப்ட்டில் பார்த்தால் போனைப் பார்க்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் மோட்டாருக்கும் பார்க்கிங்குக்கும்தான் குரல் எழுப்புகிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வருகிற ஆகஸ்ட் 15 அன்று ஸ்பீக்கர் வேண்டாம். தேசிய கீதம் 52 வினாடி. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. அரசு விழாக்களில்கூடத் தமிழ்த்தாய் வாழ்த்தை ரெக்கார்டு போடாமல் வாயால் பாட வேண்டும் என்று 2021-ல் ஆணை வந்திருக்கிறது. இரண்டும் சேர்த்து இரண்டு நிமிஷம் நம்மால் முடியாதா?

ஜூலை முதல் சனிக்கிழமையிலிருந்து, சாயங்காலம் ஆறரை மணிக்கு, பி பிளாக் கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் பத்து நிமிஷம் ஒத்திகை வைத்துக்கொள்ளலாம். ஏன் பார்க்கிங் என்றால், அங்கே தட்டினால் எதிரொலிக்கிறது. பிரின்ஸ்டன் வளைவு நமக்கு அதுதான். சுருதி பிடித்துக் கொடுக்க என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவள் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டே நிபந்தனை. ஒன்று, குரல் நன்றாக இல்லை என்று நினைப்பவர்கள் முன் வரிசையில் நிற்க வேண்டும். முதல் ஆளாக நான் நிற்கிறேன். யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லக் கூடாது. இரண்டு, அன்றைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு நம் செக்யூரிட்டியும், படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்கும் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களும் நம்மோடு வட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டும். ஜனவரியில் பாடிய மூன்று பேரில் ஒருவர் வெளியே கேட்டில் நின்றவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்.